பெட்டியும் புள்ளியும்

திருப்பலிக்குச் சற்று முன்னதாகவே கோயிலுக்குச் சென்று, தலைவாயிலில் நின்று பலிபீடத்தை நோக்குவோர் ஒரு காட்சியைக் காணலாம். இருபுறமும் உள்ள தூண்கள் போகப்போக உயரம் குறைகின்றன. தரையில் பதித்த கற்களின் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கிச் சென்று, பீடத்தருகே ஏதோ ஒரு புள்ளியில் கூடுவது போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை கூடுவதில்லை. கொத்தனார் நூல் பிடித்துச் சமமாகத்தான் பதித்திருக்கிறார். நம் கண்ணுக்கே அவை அவ்வாறு தெரிகின்றன.

பிறந்த நாள் முதல் நாம் உலகை இப்படித்தான் காண்கிறோம். ஆயினும் ஒரு தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்து, எதிரே இருக்கும் சாதாரண மரப்பெட்டியைப் பார்த்தபடியே வரையச் சொன்னால், நம்மில் பெரும்பாலோர் திகைத்துப் போகிறோம். பெட்டியின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட நீண்டுவிடும். மூடி ஒரு பக்கம் சரியும். அடிப்பாகம் தரையில் நில்லாமல் மிதக்கும். பார்த்துப் பழகிய ஒன்றை ஏன் வரைய முடியவில்லை? பார்ப்பது வேறு, பார்த்ததை அறிவது வேறு என்பதே விடை. பெட்டியின் பக்கங்கள் சமமானவை என்பது நம் மனத்துக்குத் தெரியும். தெரிந்ததைக் கை வரைந்துவிடுகிறது. கண்டதை வரைய மறுக்கிறது.

தொலைவில் உள்ளவை சிறுத்தும், ஒருபோகாகச் செல்லும் கோடுகள் நெருங்கியும் தோன்றுமாறு வரையும் கலையை ஓவிய ஆசிரியர்கள் 'பெர்ஸ்பெக்டிவ்' என்பர். நாம் இங்கே அதைத் தொலைத்தோற்றம் என்று அழைப்போம். இக்கலையை மானிடர் கற்ற வரலாறு பல நூற்றாண்டுகள் நீண்டது. அதில் மேதைகளின் பெயர்கள் பல உண்டு. ஆயினும் அதை ஊன்றிப் படிக்கும்போது நம் கருத்தில் நிற்பது அவர்களின் மேதைமையைக் காட்டிலும், திரும்பத் திரும்ப வரைந்து பார்த்த பயிற்சியும், பிழையைச் சுட்டிக்காட்ட இடம் கொடுத்த பணிவுமே ஆகும்.

தடவிப் பார்த்த காலம்

இத்தாலியின் பதுவா நகரில் உள்ள அரேனா சிற்றாலயத்தில் ஜோத்தோ 1305-ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த சுவரோவியங்களைக் காண்போர், அவற்றில் வரும் வீடுகளும் மண்டபங்களும் முன்பக்கம் திறந்த பெட்டிகளைப் போல இருப்பதைக் கவனிப்பர். அவற்றில் ஆழம் உண்டு. ஆனால் கோடுகள் அனைத்தும் ஒரே புள்ளியை நோக்கிச் செல்வதில்லை. கண்ணின் உணர்வையே துணையாகக் கொண்டு அவர் அவற்றை வரைந்தார்.

சியன்னா நகரின் அம்புரோஜியோ லொரென்செத்தி 1344-ஆம் ஆண்டில் கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சியைத் தீட்டினார். அதில் தரையின் கோடுகளை நீட்டிப் பார்த்தால் அவை ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. நூல் எழுதி விதி வகுப்பதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னரே, பயின்ற கை அப்புள்ளியைத் தொட்டுவிட்டது.

1400-ஆம் ஆண்டை ஒட்டி ஓவியத் தொழில் குறித்து நூல் எழுதிய சென்னினோ சென்னினி, கட்டடம் வரைவோருக்கு எளிய விதி ஒன்றைத் தருகிறார். மேலே உள்ள விளிம்புகள் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். கீழே உள்ளவை மேல்நோக்கி ஏற வேண்டும். நடுவில் இருப்பது சமமாக இருக்க வேண்டும். எவ்வளவு சரிய வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அதை மாணவன் ஆசானின் அருகிருந்தே அறிய வேண்டும். அப்படி அருகிருக்கும் காலத்தையும் அவரே கணக்கிட்டுள்ளார்: சிறு பலகையில் வரைந்து பழக ஓராண்டு; வண்ணம் அரைத்தல் முதலிய பட்டறை வேலைகளுக்கு ஆறாண்டு; வண்ணம் தீட்டப் பழக மேலும் ஆறாண்டு. ஆக 13 ஆண்டுகள்!

மூலைவிட்டமும் கண்ணாடியும்

புளோரன்ஸ் நகரில் 1420-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பிலிப்போ புரூனெல்லெஸ்கி ஒரு சோதனை செய்தார். பேராலயத்தின் வாயிலில் நின்று, எதிரே உள்ள புனித திருமுழுக்கு யோவானின் எண்கோண ஆலயத்தைச் சிறு பலகை ஒன்றில் வரைந்தார். பலகையில் ஒரு துளையிட்டார். பார்ப்பவர் பலகையின் பின்புறமிருந்து துளையின் வழியாக நோக்க வேண்டும். மறுகையில் பிடித்த கண்ணாடியில் ஓவியம் தெரியும். கண்ணாடியை விலக்கினால் அதே இடத்தில் மெய்யான ஆலயம் நிற்கும். அவரது வரலாற்றை எழுதிய அந்தோனியோ மானெத்தி, தாமே அப்பலகையைக் கையில் ஏந்திப் பார்த்ததாகக் குறித்துள்ளார். இச்சோதனையின் சிறப்பு யாதெனில், வரைந்தவர் தம் வேலையை உண்மைக்கு அருகே வைத்து, "ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று வழிப்போக்கர்க்கும் உரிமை அளித்ததாகும்.

இம்முறையை முதலில் நூலாக வடித்தவர் லெயோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி. இவர் திருத்தந்தையின் செயலகத்தில் பணியாற்றிய குரு. ஓவியம் பற்றிய இவரது நூல் 1435-ஆம் ஆண்டில் இலத்தீனில் உருவாயிற்று. மறு ஆண்டில் இத்தாலியத்திலும் வந்து, புரூனெல்லெஸ்கிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சதுரக் கற்கள் பதித்த தரையை வரையும் வழியை இந்நூல் விளக்குகிறது. அக்காலத்தில் சிலர் ஒவ்வொரு வரிசையையும் முந்தியதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போவர். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இவ்வழக்கம் தவறு என்று ஆல்பெர்த்தி காட்டினார். தமது வழி சரியா என்று அறிய ஒரு சோதனையும் தந்தார். வரைந்த தரையில் ஒரு கல்லின் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுத்து நீட்ட வேண்டும். அந்த ஒரே நேர்கோடு அடுத்தடுத்த கற்களுக்கும் மூலைவிட்டமாக அமைந்தால் வரைவு சரி, அமையாவிடில் பிழை.

ஆசான் அருகில் இல்லாத மாணவனுக்கு அந்த ஒரு கோடே ஆசானாகிறது. அது முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை; புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை. எங்கே பிழை என்பதை மட்டும் காட்டி ஒதுங்கிக்கொள்கிறது.

பெட்டி வரைவோருக்கும் இத்தகைய சோதனை உண்டு. முதலில் ஒரு பெட்டியைக் கைபோன போக்கில் வரைகிறோம். பிறகு வேறு நிற மையை எடுத்து, ஒரே திசையில் செல்லும் நான்கு விளிம்புகளையும் நீட்டுகிறோம். அவை ஒரு புள்ளியை நாடி நெருங்க வேண்டும். இரண்டு கோடுகள் முன்னதாகவே வெட்டிக்கொண்டாலும், ஒன்று மட்டும் விலகிச் சென்றாலும், எந்த விளிம்பு கோணலாயிற்று என்பது உடனே தெரிந்துவிடுகிறது. அதே பெட்டியை அழித்துத் திருத்துவதில் பயன் குறைவு. பிழையை மனத்தில் இருத்தி அடுத்த பெட்டியை வரைவதே முறை. முதற் பத்தில் ஏமாற்றமே மிஞ்சும். நூறைத் தாண்டும்போது, கோட்டை இழுக்கும் முன்பே அது எங்கே செல்ல வேண்டும் என்று கைக்குத் தெரியத் தொடங்கும்.

ஆல்பெர்த்தி மேலும் இரண்டு துணைகளைச் சொன்னார். ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி. ஓவியத்தைக் கண்ணாடியில் நோக்கினால், பழகிய கண்ணுக்குத் தப்பிய குற்றங்கள் பளிச்சென்று தெரியும். மற்றொன்று, பிறர் கருத்து. நண்பர்களை மட்டுமன்றி, வேலை நடக்கும் இடத்துக்கு வந்து போகிறவர்களையும் வரவேற்று, அவர்கள் சொல்வதைக் கேட்கச் சொன்னார். பழங்காலக் கிரேக்க ஓவியர் அபெல்லெஸ், பார்ப்போர் தயக்கமின்றிப் பேசுவதற்காகத் தம் ஓவியத்தின் பின்னே ஒளிந்துகொண்டு கேட்பாராம், அதனையும் எடுத்துக்காட்டினார்.

ஆனால் பயிற்சியே பொறியாகிவிடுவதும் உண்டு. ஓவியர் பாவோலோ உச்செல்லோ இரவெல்லாம் தொலைத்தோற்றக் கணக்குகளில் மூழ்கிக் கிடந்ததையும், பல முகங்கள் கொண்ட கடினமான உருவங்களை வரைந்து தள்ளியதையும் வசாரி எழுதியுள்ளார். அவற்றைக் கண்ட நண்பர் தொனத்தெல்லோ, உறுதியானதை விட்டுவிட்டு உறுதியற்றதைத் துரத்துகிறாய் என்று கடிந்துகொண்டாராம். இதுவும் திருத்தமே. கோடு கோணலாயிற்று என்று சொல்ல அளவுகோல் போதும். வாழ்வு கோணலாகிறது என்று சொல்ல நண்பன் வேண்டும்.

துறவியர் தந்த பாடநூல்கள்

தொலைத்தோற்றம் குறித்து முதன்முதலாக அச்சேறிய நூல் 1505-ஆம் ஆண்டில் பிரான்சின் தூல் நகரில் வெளிவந்தது. எழுதியவர் அந்நகரப் பேராலயத்துக் கனோன் ஆன ழான் பெலெரென். 'வழிப்போக்கன்' என்னும் பொருள்பட 'வியாத்தோர்' என்று தம்மை அழைத்துக்கொண்டார். நடுப்புள்ளியோடு இருபுறமும் உள்ள புள்ளிகளையும் பயன்படுத்தி, மூலை நம்மை நோக்கி இருக்கும் கட்டடங்களையும் வரைய அவர் வழிகாட்டினார்.

மறு ஆண்டில், 1506-இல், ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் இக்கலையின் இரகசியத்தைக் கற்றுத் தருவார் ஒருவரை நாடி, வெனிஸிலிருந்து பொலோஞா நகருக்குப் பயணம் போக எண்ணுவதாக நண்பருக்கு எழுதினார். அப்போது அவருக்கு வயது 35. ஏற்கெனவே பெயர் பெற்றவர். மாணவனாவதற்கு அவர் வெட்கப்படவில்லை. 1525-ஆம் ஆண்டில் தாம் அறிந்தவற்றைத் தம் தாய்மொழியில் நூலாக வெளியிட்டார். இரகசியம் என்று தேடிப் போனதைத் தொழிலாளரும் படிக்கும்படி வெளிப்படையாக்கினார்.

இவ்வரிசையில் துறவியர் பலர் தொடர்கின்றனர். தொமினிக்கன் சபைத் துறவி இஞ்ஞாசியோ தாந்தி, கட்டடக் கலைஞர் விஞ்ஞோலா விட்டுச்சென்ற இரண்டு விதிகளை விளக்கவுரையுடன் 1583-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். நாம் இன்றும் பின்பற்றும் கிரகோரியன் நாட்காட்டியின் சீர்திருத்தத்தில் பங்கு கொண்ட இவர், அதே ஆண்டில் அலாத்ரி மறைமாவட்டத்தின் ஆயரானார். மினிம் சபைத் துறவி நிசெரோன் 1638-இல் ஒரு நூல் தந்தார். இயேசு சபையின் ழான் துப்ரேய், 1642 முதல் 1649 வரை மூன்று பகுதிகளாக ஒரு செய்முறை நூலை வெளியிட்டார். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இயேசு சபைத் துறவி ஒருவர்' என்று மட்டுமே இருந்தது.

அருட்சகோதரர் போட்சோ

இத்துறவியருள் நெடிது நிலைத்த புகழ் பெற்றவர் ஆந்திரேயா போட்சோ. 1642-ஆம் ஆண்டில் திரெந்து நகரில் பிறந்து, 1665-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்தார். குருவாக அவர் திருநிலைப்படுத்தப்படவில்லை. 1681-ஆம் ஆண்டில் உரோமைக்கு அழைக்கப்பட்டார்.

அங்கே புனித இஞ்ஞாசியார் ஆலயத்துக்குத் திட்டமிட்டிருந்த குவிமாடம் கட்டப்படாமலே இருந்தது. போட்சோ 1685-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 17 மீட்டர் அகலமுள்ள கித்தானில் ஒரு குவிமாடத்தை வரைந்து, அவ்விடத்தில் பொருத்தினார். பின்னர் 1691 முதல் 1694 வரை ஆலயத்தின் நடுக்கூடத்து விதானத்தை வரைந்தார். வளைந்த விதானத்தில், வானம் வரை உயரும் தூண்களும் வளைவுகளும் எழுந்து நிற்கின்றன. மூவொரு இறைவனிடமிருந்து புறப்படும் ஒளி இஞ்ஞாசியாரின் நெஞ்சில் பட்டு, நான்கு கண்டங்களுக்கும் பிரிந்து செல்கிறது. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியாரையும் அங்கே காணலாம். தரையில் ஒரு வட்டக்கல் பதிக்கப்பட்டுள்ளது. அதன்மேல் நின்றால் தூண்கள் நேராக நிற்கும். விலகிச் சென்றால் சாய்ந்து விழுவது போலாகும்.

இத்தகைய பெரும்பணியைச் செய்தவர் எழுதிய பாடநூல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1693-இலும் 1700-இலும் இரு தொகுதிகளாக, இலத்தீனும் இத்தாலியமும் அருகருகே அமைய வெளிவந்த அந்நூலின் முதற்படங்களில் விதானமும் இல்லை, குவிமாடமும் இல்லை. கண்மட்டக் கோடும், தரையில் கிடக்கும் ஒரு சதுரமுமே உள்ளன. அடுத்துச் சதுரங்கள் பெருகுகின்றன. பிறகு தூணின் பீடம், அதாவது நம் பெட்டி! பீடத்தின் மேல் தூண், தூணின் மேல் உத்தரம் என்று படிப்படியாக ஏறி, முதல் தொகுதியின் நூறாவது படத்தை ஒட்டியே விதானம் வருகிறது. வளைந்த பரப்பில் நேர்க்கோடுகளை எப்படிப் பெயர்ப்பது என்பதையும் அவர் மறைக்கவில்லை. விதானத்தின் கீழே நூல்களால் வலைபோல் கட்டங்கள் கட்டி, கண் இருக்கும் இடத்திலிருந்து ஒரு நூலைப் பிடித்து, ஒவ்வொரு கட்டமும் மேலே எங்கே விழும் என்று குறிக்க வேண்டும்.

விமரிசனங்களையும் அவர் நூலிலேயே பதிவு செய்தார். சுவரில் நீட்டிய தாங்கிகளின்மேல் இத்தனை பெரிய தூண்களை நிறுத்தலாமா என்று கட்டடக் கலைஞர் சிலர் குவிமாட ஓவியத்தைக் குறை கூறினர். தாங்கிகள் ஒடிந்து தூண்கள் விழுந்தால், சேதத்தைத் தம் சொந்தச் செலவில் சரிசெய்து தருவதாக நண்பரான ஓர் ஓவியர் அவர்களுக்கு வாக்களித்தார் என்று நகைச்சுவையுடன் எழுதுகிறார். ஒரே இடத்திலிருந்து பார்த்தால்தானே சரியாகத் தெரிகிறது என்ற குறையை மட்டும் விளையாட்டாகத் தள்ளவில்லை. உண்மையைப் போலச் செய்து காட்டும் கலை, எல்லா இடத்திலிருந்தும் உண்மையாகத் தோன்றக் கடமைப்பட்டதன்று. அதற்குரிய ஓரிடத்திலிருந்து தோன்றினால் போதும் என்று விடை தந்தார். எல்லாக் கோடுகளையும் கண்ணின் ஒரே புள்ளிக்கு இழுப்பது போல, கற்போர் தம் உழைப்பு முழுவதையும் இறைமகிமை என்னும் மெய்யான புள்ளியை நோக்கி இழுக்க வேண்டும் என்பது அவர் முன்னுரையில் தரும் அறிவுரை. போட்சோ 1709-ஆம் ஆண்டில் வியன்னாவில் காலமானார்.

சீனத்தில் ஒரு மாணவர்

போட்சோவின் நூல் சீனத்துக்கும் சென்றது. 1688-ஆம் ஆண்டில் மிலான் நகரில் பிறந்த ஜுசெப்பே காஸ்திலியோனே, இவரும் இயேசு சபைச் சகோதரரே, 1715-இல் சீனம் வந்து, லாங் ஷிநிங் என்ற பெயருடன் அரசவை ஓவியரானார். அது கடினமான காலம். சீனச் சடங்குகள் குறித்த வழக்கில் திருத்தந்தை 11-ஆம் கிளமெந்து அதே 1715-ஆம் ஆண்டில்தான் தடையை வலியுறுத்தினார். 1724-ஆம் ஆண்டில் பேரரசர் யோங்ஜெங் கிறிஸ்தவ மறையையே தடை செய்தார். மறைபரப்புநர் பலர் வெளியேற்றப்பட்டனர். ஓவியரும் வானியலாரும் பெய்ஜிங்கில் இருக்க இடம் பெற்றனர். வாயால் நற்செய்தி அறிவிக்க முடியாத அந்த ஆண்டுகளில், காஸ்திலியோனே தூரிகையுடன் அரண்மனையில் உழைத்தார். 1736-ஆம் ஆண்டில் பேரரசர் சியன்லோங்கின் முன் மண்டியிட்டு, துன்புற்ற கிறிஸ்தவர்களுக்காக மன்றாடினார்.

அவரிடம் தொலைத்தோற்றம் கற்றவர்களுள் ஒருவர் நியன் ஷியாவ் என்ற உயர் அதிகாரி. அரசின் பீங்கான் சூளைகளுக்குக் கண்காணிப்பாளர். தளபதியாயிருந்த அவருடைய தம்பி, 1726-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பேரரசரின் ஆணையால் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. அத்தகைய குடும்பத்தவர், 1729-ஆம் ஆண்டில் 'ஷிஷுவே', அதாவது 'பார்வைக் கலை' என்ற நூலைச் சீனமொழியில் வெளியிட்டார். போட்சோவின் படங்கள் பல அதில் இடம்பெற்றன. முன்பு தாமே எவ்வளவு முயன்றும் நூலின் நுனி கிட்டவில்லை என்றும், காஸ்திலியோனேயைப் பலமுறை சந்தித்துப் பேசிய பின்னரே, புள்ளியை நிறுத்திக் கோடிழுக்கும் முறை விளங்கியது என்றும் முன்னுரையில் கூறுகிறார். அதனோடு நிறைவு பெறாமல் மேலும் சில ஆண்டுகள் உழைத்து, ஐம்பதுக்கு மேற்பட்ட புதிய படங்களைச் சேர்த்து, 1735-ஆம் ஆண்டில் மீண்டும் பதிப்பித்தார். கற்றவர் ஆசானின் படியெடுப்பாளராக நின்றுவிடவில்லை. தம் மண்ணின் பொருள்களையும் அம்முறையில் வரைந்து பார்த்தார்.

சீனர் எல்லாரும் மயங்கிவிடவில்லை. அரசவை ஓவியர் ட்சோ யிகுயி, மேலைநாட்டார் வரைந்த மாளிகைக்குள் நடந்து செல்லலாம் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதில் தூரிகையின் உயிர் இல்லை. அது கைத்திறனே, ஓவியமாகாது என்றும் தீர்த்துச் சொன்னார். இத்தீர்ப்பையும் நாம் பொறாமை என்று ஒதுக்கலாகாது. சீன ஓவியத்தில் பார்ப்பவர் மலையின் அடியிலும் முகட்டிலும் ஒருசேர உலவுகிறார். ஒரு கல்லின்மேல் அசையாமல் நிற்க வேண்டியதில்லை. ஒரே புள்ளியிலிருந்து காண்பது உலகைக் காணும் வழிகளுள் ஒன்று. பெய்ஜிங்கின் தெற்கு ஆலயச் சுவரில் காஸ்திலியோனே வரைந்திருந்த காட்சியைப் பற்றி எழுதிய அறிஞர் யாவ் யுவான்ட்சி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஆழமான அறைகள் தெரிகின்றன, அருகே சென்று தொட்டால் சுவர் என்கிறார். இக்கலையின் வலிமையும் எல்லையும் அந்த மூடிய கண்ணில் அடங்கியுள்ளன.

நமக்கு எஞ்சுவது

"எனக்கு வரைய வராது" என்று சொல்லிப் பென்சிலை வைத்துவிடும் சிறுவரை நாம் அறிவோம். "செபிக்க வராது", "மன்னிக்க வராது" என்று சொல்லும் பெரியவர்களையும் அறிவோம். திறமை இறைவன் கொடுக்கும் கொடை என்ற நம்பிக்கையே சில வேளைகளில் முயற்சிக்குத் தடையாகிவிடுகிறது. மேலே கண்ட மாந்தர் அக்கொடையை மறுக்கவில்லை. அதைப் பெற்றுக்கொள்ளக் கையைப் பழக்கினர்.

பயிற்சி மட்டும் போதாது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. தவறான பெட்டியையே ஆயிரம் முறை வரைந்தால் தவறு உறுதிப்படும். அதனால்தான் மூலைவிட்டமும், கண்ணாடியும், வழிப்போக்கரும், நண்பரும் வேண்டியிருந்தனர். நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் திருத்தம் என்பது பெரும்பாலும் புண்படுத்துவதாகவே நிகழ்கிறது. அல்லது புண்படுமே என்று அஞ்சி நிகழாமலே போகிறது. கோட்டை நீட்டிக் காட்டும் முறையில் ஒரு நயம் உண்டு. அது வரைந்தவரைக் குறை சொல்வதில்லை. கோடு எங்கே போகிறது என்று காட்டுகிறது. மிச்சத்தை அவரே கண்டுகொள்கிறார். அடுத்த பெட்டிக்குத் தாளில் இடமும் இருக்கிறது.

பிள்ளைகள் வீட்டில் வரைய அமரும்போது, "அழகாயிருக்கிறது" என்றோ "கோணலாயிருக்கிறது" என்றோ உடனே சொல்லிவிடாமல், அளவுகோலை எடுத்துக் கொடுத்து, "இந்தக் கோடு எங்கே போய்ச் சேருகிறது, பார்ப்போம்" என்று அருகில் அமர்வோமாக.